புரட்டாதிச் சனியில் ஒரு வாக்கு

டண்டினோங், அவுஸ்திரேலியா,
22.10.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் போடாததற்கு ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "அம்மா தபால்காரன் வரும் நேரம் பார்த்துப் படலையில் நிற்கிறா" என்று சின்னக்கா வாட்ஸ்அப்பில் எழுதினா. அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியுமா?

நாங்கள் சுகம். சுதாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, எனக்குப் பகல். நான் வர அவள் வெளிக்கிடுவாள். சண்டை பிடிக்கக்கூட நேரமில்லை. குளிர் இன்னும் விடவில்லை. இங்கே இதற்குப் பெயர் வசந்தகாலம்!

கடைசிப் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்தேன். அன்றைக்கே அமாவாசையும், அப்பாவுக்கு விரதம். அதே நாளில்தான் இங்கே சர்வசன வாக்கெடுப்பும் வைத்தார்கள். இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் தங்கள் விஷயத்தில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபை வேண்டும், அதை அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆலோசனை மட்டும்தான், அம்மா. தடுக்கிற அதிகாரம்கூட இல்லை.

போகாவிட்டால் 20 டொலர் தண்டம். ஆனால் நான் தண்டத்துக்குப் பயந்து போகவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை பெயரையும் விலாசத்தையும் கேட்டாள், ஏற்கெனவே வாக்குப் போட்டாயா என்று கேட்டாள், சீட்டைத் தந்தாள். நான் அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே நிற்கிறேன். வேண்டாமாம். முகமாலைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் வெயிலில் நின்றிருப்போம்? விரலில் மைகூடப் பூசவில்லை. பென்சிலால் 'யெஸ்' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

வெளியே பாணுக்குள் சொசேஜ் வைத்து விற்றார்கள். வாக்குப் போட்டால் அதைத் தின்பது இங்கே ஒரு சடங்கு. எனக்கு விரதம். வெங்காயத்தை மட்டும் வைத்துத் தரச் சொன்னேன். அதே தட்டில் வதக்கின வெங்காயம்தான். சனீஸ்வரன் மன்னிப்பார்.

மன்னிக்கவில்லைப் போலிருக்கிறது. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது, ஏழரை மணிபோல் தோற்றுவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். பேர்த் பக்கத்துச் சனம் அப்போது இன்னும் வாக்குப் போட்டு முடியவில்லை. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. 1967இல் அந்தச் சனத்தைக் குடிக்கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆம் என்ற நாடு இது.

எனக்கு வெட்கமாக இருந்தது, அம்மா. அடுத்தவன் வீட்டுக் காரியத்துக்கு யாராவது வெட்கப்படுவானா? 2019இல் உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கினபோதுகூட, கடவுச்சீட்டு கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை லக்னோவில் கிரிக்கெட்டில் அவுஸ்திரேலியா வென்றது, எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்தத் தோல்விதான் சுட்டது. நூற்றுக்கு நாலு பேர் கேட்பதை மற்றவர்கள் எண்ணித் தீர்மானிப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று அப்பா பதவி உயர்வே இல்லாமல் இருந்ததை அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் வேலியில் 'நோ' பலகை கட்டியிருந்தார். 1961இல் கப்பலில் வந்தவர். "தெரியாவிட்டால் நோ போடு" என்று எனக்கும் புத்தி சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். கோபத்தில் நாலு நாள் அவரைப் பார்க்காத மாதிரிப் போய்வந்தேன். ஐந்தாம் நாள் வேலிக்கு மேலால் ஒரு வாளி தேசிக்காய் வந்தது. பலகை இன்னும் இருக்கிறது. அதன் மற்றப் பக்கத்தில் தக்காளிக் கன்றைக் கட்டியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தின் மடிப்பில் விபூதி இருந்தது. பிரிக்கும்போதெல்லாம் கொட்டிவிடாமல் பார்க்கிறேன். கிணற்றடி வாழைக்குள் காலையில் நிற்கிற மாதிரி ஒரு மணம். சரி, விடுங்கள்.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ திருத்த வேலையாம். போன வருசம் மேயிலிருந்து வட்டி 12 தரம் ஏறிவிட்டது என்று அண்ணா சொல்லிப் பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவது பொழுது போகத்தான். கண் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காசு தனியாக வரும். கந்தையா மாமா வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்கு அவரோடு கத்த வேண்டாம், தம்பியை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அண்ணா கேட்டாலும் காணி உறுதியைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

அப்புறம், தேசிக்காயை உப்பில் எத்தனை நாள் போட்டு வைப்பீர்கள்? வெயில் இங்கே ஒழுங்காக அடிப்பதில்லை, அதையும் யோசித்து எழுதுங்கள். கிழவருக்கும் ஒரு போத்தல் கொடுக்க வேண்டும்.

அன்பு மகன்,
குமார்