வெட்டை நோயும் விட்டுப்போகும் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வெட்டை நோய் எனப்படும் பால்வினை நோயான கொனோரியாவையும் ஒரு பத்தியில் தொட்டுச் சென்றது. சல்பா, பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று அந்தக் கிருமி செயலிழக்க வைத்த மருந்துகளின் வரிசையைக் கட்டுரையாளர் சரியாகவே கொடுத்திருக்கிறார். ஆனால், ஒரு மருந்து பலனிழந்து வருவது எப்படித் தெரியவருகிறது என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டின் குறை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1986-இல் இந்த நோய்க்கென்றே ஒரு கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த நகரங்களின் பால்வினை நோய் மையங்களில், சிறுநீர்த்தாரைத் தொற்றுடன் ஒவ்வொரு மாதமும் வரும் முதல் 25 ஆண்களிடமிருந்து மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்து எவ்வளவு செறிவில் அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று அளப்பதே திட்டம். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்காண்டு அதே முறையில் அளந்ததால்தான், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளின் வீழ்ச்சியை அவர்களால் இடம்வாரியாகப் பின்தொடர முடிந்தது. 2000-இல் ஹவாயில் தொற்றியவர்களுக்கு அம்மருந்து வேண்டாம் என்றார்கள். 2002-இல் கலிஃபோர்னியாவையும், 2004-இல் ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். 2007-இல் நாடு முழுவதற்குமே அதைக் கைவிட்டார்கள்.

செஃபிக்சிம் மாத்திரையின் கதை இன்னும் நுட்பமானது. மில்லிலிட்டருக்கு 0.25 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ செறிவு தேவைப்பட்ட கிருமிகள் 2006-இல் வெறும் 0.1 விழுக்காடு, 2011-இன் முதல் எட்டு மாதங்களில் அவை சுமார் 1.5 விழுக்காடு. எதிர்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அளவுகோல். அந்த எல்லை வெகுதொலைவில் இருந்தபோதே, போக்கை மட்டும் பார்த்து, 2012-இல் செஃபிக்சிமை முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து நீக்கி செஃப்ட்ரியாக்சோன் ஊசியை முன்னிறுத்தினார்கள். ஒற்றை ஆண்டின் 1.5 விழுக்காட்டை மட்டும் எவரிடமாவது காட்டியிருந்தால், கவலைப்பட ஒன்றுமில்லை என்றே சொல்லியிருப்பார்கள்.

இந்தியாவில், கருப்பை வாயிலோ சிறுநீர்த்தாரையிலோ சீழ்க் கசிவுடன் வருபவருக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும் அடங்கிய சாம்பல் நிறப் பொட்டலம் அறிகுறியை வைத்தே கொடுக்கப்படுகிறது. இதை நான் குறை சொல்லவில்லை. சோதனை முடிவுக்காக நாளை வா என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது பால்வினை நோய்ப் பிரிவுகளில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் மாதிரியே எடுக்காமல் மருந்து கொடுக்கும்போது, அந்த மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. குணமாகாதவர் பெரும்பாலும் நம்மிடம் திரும்புவதில்லை. மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார். சளிக்கும் தொண்டை வலிக்கும்கூட அசித்ரோமைசின் கேட்டு வாங்கும் ஊர் நம்முடையது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோதனை செய்யும் இடங்களிலும் இன்னொரு சிக்கல் வளர்ந்து வருகிறது. கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் புதிய சோதனை விரைவானது, நுட்பமானது; சிறுநீரே போதும். அதை வரவேற்கிறேன். ஆனால் அதன் முடிவில் கையில் உயிருள்ள கிருமி இராது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதை ஒரு மரபணு மாற்றத்தைக் கொண்டு ஓரளவு நம்பிக்கையுடன் சொல்லலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது, அதற்குக் கிருமி பல வழிகளில் எதிர்ப்பைப் பெறுகிறது. ஆகவே சாக்லேட் அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில், கரியமில வாயு மிகுந்த சூழலில் வளர்த்து அளக்கும் பழைய வேலையைக் கைவிட முடியாது. இந்தக் கிருமியோ வறட்சியும் குளிரும் தாங்காமல் வழியிலேயே செத்துப்போகும் இனம். கைப்பழக்கமுள்ள பணியாளர்கள் ஓய்வு பெற்று, அந்த இடங்கள் நிரப்பப்படாமல் போனால், மீண்டும் அந்தத் திறமையை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வசதியே இல்லாத நாடல்ல நம்முடையது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிறுவனத்திலும் பிற ஆய்வகங்களின் முடிவுகளைச் சரிபார்க்கும் தலைமை ஆய்வகங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றிச் சில மையங்களைத் தேர்ந்து, மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாதிரிகளை வளர்த்து, அளவுகளை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் போதும். தாய்லாந்து உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் 2015-இல் பாங்காக்கில் இப்படித்தான் தொடங்கியது. ஆண்களின் சிறுநீர்த்தாரை மாதிரியோடு நின்றுவிடாமல் தொண்டை மாதிரியையும் சேர்ப்பது அவசியம். அறிகுறியின்றித் தொண்டையில் தங்கும் தொற்றுதான் குணப்படுத்தக் கடினமானது, அங்கு இயல்பாக வாழும் உறவுக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்பு மரபணுக்களையும் அது பெற்றுக்கொள்கிறது.

இப்போது சோலிஃப்ளோடாசின் என்ற புதிய மருந்து, 930 பேர் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனையில், செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும் சேர்ந்த சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்திருக்கிறது. அது நம் மருந்துக் கடைகளை எட்டும் முன்பே, இங்குள்ள கிருமிகள் அதற்கு எந்தச் செறிவில் அடங்குகின்றன என்று அளந்து பதிந்து வைக்க வேண்டும். விற்பனை தொடங்கிய பிறகு அந்த முதல் அளவை எடுக்க வாய்ப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
திருச்சிராப்பள்ளி