ஒப்பரா மாளிகையும் மூழ்கிய கப்பலும்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் மாமியும் வெள்ளவத்தையில் எல்லோரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். வேலை பழகிவிட்டது. சுழியோடிகளின் சிலிண்டர்களில் காற்று நிரப்பி, அவர்களோடு கடற்கரைக்குப் போய், திரும்பியதும் உடைகளை நன்னீரில் அலசிக் காயப்போட்டால் பொழுது சாய்ந்துவிடும். இந்த நாட்டில் நாடகம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

மால்ட்டா என்ற இந்தத் தீவு நாடு முழுவதும் 316 சதுர கிலோமீற்றர்தான். நமது கொழும்பு மாவட்டத்தின் பாதியளவும் இல்லை. தலைநகர் வலெட்டாவில் கடலோரக் கோட்டையிலிருந்து நகர வாசல் வரை ஒரே நேரான வீதி ஓடுகிறது. கோட்டைப் பக்கம் கடலுக்குள் மாவோரி என்ற பிரித்தானிய நாசகாரிக் கப்பல் கிடக்கிறது. நகர வாசலருகே இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்த ஒப்பரா என்னும் இசைநாடக மாளிகையின் தூண்கள் நிற்கின்றன.

வேலையிடத்தில் எனக்கும் சுழியோடப் பழக்கினார்கள். பாறையிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நீந்தினாலே மாவோரியை அடையலாம். மணலில் அரைவாசி புதைந்து, கப்பலின் முன்பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. துருப்பிடித்த ஓட்டைகளினூடாக வெயில் கீற்றுக் கீற்றாக உள்ளே விழ, பீரங்கிப் பீடத்தின் இடுக்கில் ஒரு சாக்குக்கணவாய் (ஒக்டோபஸ்) ஒட்டிக்கொண்டு, நான் நெருங்க நெருங்கத் தன் நிறத்தைத் துருவின் நிறமாக மாற்றிக்கொண்டது.

இந்தக் கப்பலின் கதை நம் ஊரையும் தொடுகிறது, மாமா. 1941 மே 27 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் மூழ்கியபோது, கடலில் தத்தளித்த மாலுமிகளில் நூறு பேருக்கும் அதிகமானோரைத் தூக்கியெடுத்தவை டோர்செட்சயர், மாவோரி என்ற இரு பிரித்தானியக் கப்பல்கள். மாவோரி 1942 பெப்ரவரி 12 இல் இங்கே துறைமுகத்திலேயே குண்டுபட்டு மூழ்கியது. டோர்செட்சயர் கொழும்புக்கு வந்து சேர்ந்து, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அதே நாளில், இந்து சமுத்திரத்தில் அழிந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 இல், வலெட்டாவின் ஒப்பரா மாளிகை குண்டுபட்டு இடிந்தது.

1866 இல் திறந்த மாளிகை அது. 1873 இல் உள்ளே தீப்பிடித்து எரிந்ததைத் திருத்தி 1877 இல் மீண்டும் திறந்தவர்கள், போருக்குப் பின் எழுபது ஆண்டுகளாக இடிபாட்டை அப்படியே விட்டிருந்தார்கள். கடைசியில் ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் எஞ்சிய தூண்களை மூடிக் கட்டாமல், அவற்றின் நடுவே இருக்கைகளை அமைத்து, 2013 இல் அதைத் திறந்தவெளி அரங்காக்கினார். கூரை வேண்டும் என்று இன்னும் மனக்குறைப்படுவோர் இங்கே பலர். தெரு இரைச்சல் வசனத்தை விழுங்கும் என்று நீங்களும் சொல்வீர்கள். ஆயினும் அந்தத் தூண்களை மறைக்காமல் விட்டதே சரி என்பது என் எண்ணம். நடந்ததை அறியாமல் எவரும் அங்கே நாடகம் பார்க்க முடியாது.

1732 இல் முதல் நாடகம் கண்ட மனோயல் அரங்கு, கோட்டைக்கும் ஒப்பரா மாளிகைக்கும் இடையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. போர்க்காலத்தில் வீடிழந்தவர்களுக்கு அது தங்குமிடமாயிருந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று நம் துறைமுகத்திலும் ஹெக்டர், டெனடோஸ் என்ற கப்பல்கள் மூழ்கின. அம்மம்மா அப்போது கொச்சிக்கடையில் இருந்தவர். அன்றைய காலையைப் பற்றி உங்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா கூறுவார். அவர் சொன்னவற்றை, நினைவிலிருக்கும் சொற்களிலேயே, கொப்பியில் எழுதி அனுப்புங்கள். உங்கள் அடுத்த நாடகம் அந்தக் காலையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். துறைமுகக் காட்சிக்குத் தேவையான கப்பல் விவரங்களை நான் இங்கிருந்து தேடித் தருகிறேன்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்