கேன்டனில் இல்லாத 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை போனில் அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சு, நம் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் 14ஆம் நம்பர் கென் ஆண்டர்சனைப் பற்றி, பாதியில் நின்றுவிட்டது, நீ பேரனைக் குளிப்பாட்டப் போய்விட்டாய். "கென் ஆண்டர்சன் நல்ல குவார்ட்டர்பேக்தான் அம்மா, ஆனால் சூப்பர் பவுல் ஒன்றுகூட ஜெயிக்காத ஒருவரை எதற்கு ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க வேண்டும்?" என்றாயே, அது இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருஷத்தின் சாம்பியன் யார் என்று முடிவாகும் அந்தச் சூப்பர் பவுலை டான் மரினோ ஜெயித்தாரா? ஜிம் கெல்லி? ஃபிரான் டார்க்கென்டன்? பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குகள்தான் மூன்று பேரும், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் மிகச் சிறந்தவர்களுக்குச் சிலை வைக்கிற ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கேன்டனில் மூன்று பேருக்கும் சிலை இருக்கிறது. அது சரிதான், அவர்கள் ஆட்டம் அப்படி. அந்த அளவுகோலை ஆண்டர்சனுக்கும் வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1982 ஜனவரி 10, நீ வயிற்றில் ஆறு மாதம். சின்சினாட்டியில் அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி செல்சியஸ். எங்கள் அபார்ட்மென்ட் ஜன்னலில் கண்ணாடியின் உள்பக்கமே பனி பிடித்திருந்தது, விரலால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. ஆற்றங்கரை ஸ்டேடியத்தில் நம் பெங்கால்ஸுக்கும் சான் டியாகோ சார்ஜர்ஸுக்கும் ஆட்டம். அதை இன்றும் ஃபிரீசர் பவுல் என்றுதான் சொல்கிறார்கள். முன்வரிசையில் நிற்கிற நம் லைன்மேன்கள் அந்தக் குளிரில் கையை மூடாமல் வந்து நின்றார்கள். டிவியில் அவர்கள் வாயிலிருந்து வந்த ஆவியைப் பார்த்து நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தக் காற்றில் ஆண்டர்சன் இரண்டு டச் டவுன் பாஸ் போட்டார், எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தருகிற பாஸ். அவர் எறிந்த ஒரு பந்தும் எதிராளி கைக்குப் போகவில்லை. 27-7 என்று ஜெயித்தோம். அன்று தோற்ற குவார்ட்டர்பேக் டான் ஃபௌட்ஸ்.

அப்புறம் இரண்டே வாரத்தில் பான்டியாக்கில் சூப்பர் பவுல். எதிரணி குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா, அவருக்குப் பயிற்சியாளர் பில் வால்ஷ். பாதி ஆட்டத்தில் 20-0 என்று பின்தங்கிவிட்டோம். அதில் ஆண்டர்சன் பங்கும் உண்டு, ஒரு பந்தைத் தூக்கி அவர்களிடம் கொடுத்தார். பிறகு எழுந்தார் பார், அதுதான் மனிதர்! மொத்தம் 34 பாஸில் 25 சரியாகப் போய்ச் சேர்ந்தது, சரியாக 300 கஜம். மூன்றாவது குவார்ட்டரில் அந்தக் கடைசிக் கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது பந்தோடு ஓடிய நம் பீட் ஜான்சனைத் தடுத்து நிறுத்தினார்களே, அங்கேதான் ஆட்டம் கை நழுவியது. 26-21. அந்த வால்ஷ் முன்பு சின்சினாட்டியில் ஆண்டர்சனுக்கே பயிற்சி கொடுத்தவர். குட்டைக் குட்டை பாஸாகப் போட்டு முன்னேறும் முறையை இங்கே இவரை வைத்துத்தான் வளர்த்தார்.

1994 கோடையில் உன்னைக் கேன்டனுக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? இருட்டான ஹாலில் வெண்கலத் தலைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன வெளிச்சம். ஃபௌட்ஸும் வால்ஷும் அதற்கு முந்தின வருஷம்தான் சேர்ந்தே உள்ளே வந்திருந்தார்கள். நீ கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "அம்மா, நம்ம 14 எங்கே?" என்று கேட்டாய். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "வருவார்டா" என்றேன். 2000த்தில் மான்டானாவும் உள்ளே போய்விட்டார். ஆண்டர்சன் இன்னும் வெளியே நிற்கிறார்.

அவருக்கு எதிராகச் சொல்லக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். 1978, 79 இரண்டு வருஷமும் அணி நான்கு ஆட்டம்தான் ஜெயித்தது. 1981இன் முதல் ஆட்டத்தில், அதுவும் உங்கள் சியாட்டிலுக்கு எதிராக, அவரைப் பாதியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதே வருஷம்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பாஸ் எறிவதற்கு மதிப்பெண் போடுகிற பாஸர் ரேட்டிங்கில் நான்கு முறை லீகிலேயே முதலிடம். 1982இல் அவருடைய பாஸ்களில் 70.6 சதவீதம் போய்ச் சேர்ந்தது. வேலைநிறுத்தத்தால் அந்த வருஷம் ஒன்பது ஆட்டம்தான் நடந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சாதனையை முறியடிக்க 2009இல் டிரூ பிரீஸ் வரவேண்டியிருந்தது. பதினாறு வருஷமும் இந்த ஒரே ஊருக்குத்தான் ஆடினார்.

ஹால் ஆஃப் ஃபேமில் யாரைச் சேர்ப்பது என்று சுமார் 50 பேர் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள், பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள். 80 சதவீதம் வேண்டும். ஆண்டர்சன் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆட்டம் முடிந்து நாற்பது வருஷம் ஆகிறதே. எனக்குப் பயம் அதுதான் தம்பி. நம் கென் ரைலியை நினைத்துப் பார். 15 வருஷம் பெங்கால்ஸுக்கே ஆடினார், 65 இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி எறிந்த பந்தை 65 தடவை பிடித்தார். 2020 ஜூனில் இறந்துபோனார், 2023இல் சிலை வைத்தார்கள். அவருக்காக மகன் மேடையேறிப் பேசினதை டிவியில் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் அடிவயிறு கலங்கிவிட்டது. இந்த வார்த்தைகளைக் கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சிலைக்கு மூன்று வருஷம் முன்னால் என்ன குறை இருந்தது, சொல்?

ஆண்டர்சனுக்கு 75 தாண்டிவிட்டது. ஹால் ஆஃப் ஃபேமில் சேர்பவர்கள் போடுகிற அந்தத் தங்க நிற கோட், அதை அவரே போட்டுக்கொண்டு அவரே பேசுவதை நான் கேட்க வேண்டும். அப்படி ஓர் ஆகஸ்ட் வந்தால் கேன்டனுக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன், நீ லீவு மட்டும் போடு. பேரனையும் கூட்டி வா.

அன்புடன்,
அம்மா