வண்டியைக் கொடுப்பவரும் வாய் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குகிறவருக்கு யோசனை சொல்லும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. ஓட்டிய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு எடுப்பவர் என்னென்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தச் சமயத்தில் வடசென்னை ஒர்க்‌ஷாப்புகளுக்கு வருகிற வேலையில் பாதி, பழுதை மூடுகிற வேலைதான்.

5டபிள்யூ-30 ஆயில் ஊற்ற வேண்டிய இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் நீலப் புகையும் டப்பெட் சத்தமும் சில நாளைக்கு அடங்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங் அப்படியேதான் இருக்கும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் அடிப்பது, அதாவது உள்ளிருந்து புகைக்காற்று மேலே தள்ளுவது, காட்டிக்கொடுத்துவிடும். செக் இன்ஜின் விளக்கை ஸ்கேனர் வைத்து அழிப்பது இன்னொரு வழி. அழித்தால் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகளும் சேர்ந்து அழிந்துவிடும். கொஞ்ச தூரம் பலவிதமாக ஓட்டினால்தான் அவை மீண்டும் நிறைவாகும். காலையில் அழித்து மதியம் ஷோரூமில் விட்டால், ஸ்கேனர் செருகுகிற எவருக்கும் அது தெரியும். கூலன்ட் குறைகிற வண்டியில், இன்ஜின் சூடேறுவது தெரியாமலிருக்க, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரை நிரப்புவதும் உண்டு.

ஏர்பேக் விளக்கில் கை வைப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாவியைத் திருப்பியதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு பிடுங்கப்பட்டிருக்கலாம், அல்லது வேறு விளக்கின் ஒயரோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கலாம். ஆயில் குடிக்கிற இன்ஜின் அடுத்தவரின் காசைத் தின்னும். விரியாத ஏர்பேக், இரும்பு பைப் துருப்பிடித்துப்போன பிரேக் எல்லாம் உயிர் விஷயம்.

நம் பகுதிக்கே உரிய மறைப்பு மழைத் தண்ணீர். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காத மழைக்காலம் அபூர்வம். நடுத் தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி செல்ஃப் அடித்தால், ஏர் ஃபில்டர் வழியாகப் புகுந்த தண்ணீர் பிஸ்டனுக்கு மேல் நிற்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட்தான் வளையும். லேசாக வளைந்திருந்தால் வண்டி ஓடவே செய்யும், சத்தம்கூட வராமல் இருக்கலாம். பல மாதம் கழித்து ஏதோ ஒரு மேம்பாலத்தில் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கைத் துளைக்கும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறுவதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் அந்தக் கேஜை எடுக்க யாருக்குப் பொழுதிருக்கிறது? தண்ணீரில் செல்ஃப் அடித்தவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி இது.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற வண்டிகளும் அப்படித்தான். சீட் கவரையும் மேட்டையும் மாற்றிவிடலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும், ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல் இருக்கும், ஒயரிங் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் 2023-ல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெயில் ஊறிய ரப்பர் புஷ்ஷும், மூட்டுகளை மூடுகிற ரப்பர் உறையும் உப்பி இளகும், அதன் பலன் தாமதமாகத்தான் தெரியும். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரம் நிறுத்தும் வண்டிக்கு உப்புக்காற்று வேறு. விற்கிற வாரத்தில் அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் அடியில் துரு இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதே சரி.

சொன்னால் விலை குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் காரணம் தெரியாத சத்தத்துக்கு மதிப்பீட்டாளர் எப்போதும் மோசமான கணக்கையே போடுவார். கன்டெய்னர் லாரிகள் கிழித்துப்போட்ட மணலி, எண்ணூர் சாலைகளில் ஓடிய சின்ன காரில் முன்பக்கம் ‘கடகட’ என்றால், பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கிற லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான். அது சில ஆயிரத்தில் முடிகிற வேலை. எஸ்டிமேட் கையில் இல்லாவிட்டால் ஸ்டீயரிங் ரேக் என்று எழுதி அதைப்போலப் பல மடங்கு கழிப்பார்கள். எஸ்டிமேட்டோடு போனால் அந்தத் தொகையோடு பேச்சு நிற்கும்.

சட்டமும் இதில் நுட்பமாகவே பேசுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரை உதாரணம் வருகிறது. குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் விற்பவர் சும்மா இருந்தால், அது மட்டுமே மோசடி ஆகாது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொன்ன பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். தெரிந்த விஷயத்தை முனைந்து மறைப்பதோ எந்தக் குதிரைக்கதையும் இல்லாமல் மோசடிதான். கெட்டி ஆயிலும் பிடுங்கிய பல்பும் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்று டெலிவரி நோட்டில் எழுதிவிட்டால் போதும் என்கிற புரோக்கர்கள் இதைப் படிக்கட்டும். கார் வாங்குபவரும் அந்தக் குதிரை வாங்குபவரைப் போலவே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வைக்கலாம்.

அரைப் பக்கத் தாள் போதும். வண்டி எண், கிலோமீட்டர், தேதி, நேரம். தண்ணீரில் நின்றதா, எதுவரை, செல்ஃப் அடித்தார்களா. மோதியதா, எந்தப் பக்கம் டிங்கரிங் நடந்தது, ஏர்பேக் விரிந்ததா. ஆயில் எவ்வளவு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது. கிளட்ச், டைமிங் பெல்ட், பேட்டரி எப்போது மாற்றியது. அணைத்த விளக்கு எது. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வெற்றாகக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிற வழக்கத்தையும் அன்றே விட்டுவிடலாம். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விட்டால் 29சி படிவம் வழியே ஒப்படைப்பைப் பதிவு செய்ய 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதுவரை வண்டி ஆர்சியில் யார் பெயரில் இருக்கிறதோ, விபத்து வழக்கு அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஷோரூம்காரர்களுக்கு ஒரு கோரிக்கை: எக்ஸ்சேஞ்ச் மதிப்பீட்டுத் தாளில் ‘தண்ணீரில் நின்றதா?’ என்று ஒரு வரியும், அதன் கீழே உரிமையாளர் கையெழுத்துக்கு இடமும் விட்டு அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, வடசென்னை.