சேலத்தில் படிப்பு 1980க்குப் பிறகுதான் வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் சேலத்தின் வளர்ச்சியைப் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். மேம்பாலங்கள், புது லேஅவுட்டுகள், ஆஸ்பத்திரிகள், எல்லாவற்றையும் படித்தேன். படங்களும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "1980களில் தனியார் பள்ளிகள் வந்த பிறகே சேலத்தில் தரமான கல்வி தொடங்கியது." அதற்குப் பக்கத்திலேயே எங்கள் பள்ளிக்கூடத்தின் படம், வெறிச்சோடிக் கிடக்கும் பழைய அரசுப் பள்ளி என்று. பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீங்களே படத்துக்குக் கீழே எழுதிவிட்டீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பழைய பேப்பரில் போடாமல் மடித்து வைத்திருக்கிறேன். ஐந்து நாள் கழித்தும் கோபம் குறையாததால் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு அரசு கலைக் கல்லூரியாக இருப்பது 1857ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியதுதான். 1879ல்தான் அது கல்லூரி ஆனது. சேலம் நகராட்சியே 1866ல்தான் வந்தது. அதாவது ஊருக்கு நகராட்சி வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ராஜாஜி 1917ல் நகராட்சி சேர்மன் ஆனபோது அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கி அறுபது வருடம் ஆகியிருந்தது. 1901 கணக்கெடுப்பில் சேலம் டவுனில் 70,621 பேர், 2011ல் மாநகராட்சியில் 8,29,267 பேர். ஊர் இப்படிப் பெருத்துக்கொண்டே வந்த காலமெல்லாம் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையும் எங்கே போய்ப் படித்தார்கள் என்று அந்தக் கட்டுரை எழுதியவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

நான் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். 1969ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 1975ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். அப்போதெல்லாம் பதினோராவதுதான் எஸ்.எஸ்.எல்.சி. விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்கு அன்றைய நெசவுக்கு வேண்டிய தார், அதாவது ஊடை நூல், சுற்றி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்ப முடியும், அதனால் முதல் பீரியடில் பாதி நாள் தூங்கி விழுவேன். என்னை மாதிரி இன்னும் பத்துப் பதினைந்து பேர். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர் மகள் இருந்தாள், ஒரு வக்கீல் மகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சுக்கே ஒரு கதை உண்டு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, ஊர்க்காரர்களே பெஞ்சும் மேஜையும் கடிகாரமும் கொடுத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் பெஞ்சின் முதுகில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பெயரும் 'உபயம்' என்ற வார்த்தையும் வெள்ளைப் பெயின்ட்டில் இருந்தன. அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் பெஞ்சு இருக்கிறது, நான் பார்த்தேன்.

எட்டாவது படிக்கும்போது நான் வயசுக்கு வந்ததும் அப்பா என்னை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். மூன்றாவது வாரம் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வெயிலில் நடந்தே எங்கள் தெருவுக்கு வந்தார். அன்றைக்கு மட்டும் நான்கு வீடு ஏறினார். எங்கள் வீட்டில் தறிக்குழி ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்தார், அப்பா பதறிப்போய் எழுந்து நின்றார். "ஐயா, இவ கணக்கு நல்லா போடறா. சாயங்காலம் வந்து தார் சுத்தட்டும், பகல்ல எங்கிட்ட விடுங்க" என்றார், அவ்வளவுதான். மறுநாள் நான் போனேன். நான்கில் மூன்று பேர் திரும்பப் போனோம், ஒருத்திக்கு மட்டும் அதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்புறம் டைப்ரைட்டிங் முடித்து, தொலைபேசித் துறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறேன். தரமான கல்வி என்றால் என்ன என்று உங்கள் கட்டுரையாளர் என்னிடம் கேட்டிருந்தால் அந்த அம்மாள் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்த கதையைச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978ல் பிளஸ் டூ வந்தது. அதைப் பாடத்திட்ட மாற்றம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது வேறு. அதற்கு முன்னால் மேலே படிக்க வேண்டுமென்றால் பி.யூ.சி. என்ற ஒரு வருடப் புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும். கல்லூரி என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் "போதும்" என்றுவிடுவார்கள், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பிளஸ் டூ வந்தபோது அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர்கள், அதே வழி, இரண்டு வருடம் கூடுதல், அதற்கு எங்கள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கை அந்த முதல் பேட்ச். தகரக் கொட்டகையில்தான் லேப், மழை பெய்தால் டீச்சர் சொல்வது கேட்காது. அவள் நர்ஸ் ஆனாள். எனக்கும் அவளுக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம், அந்த நான்கு வருடத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் என்ன மாறியது என்பதை எழுத உங்கள் பத்திரிகையில் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக வாங்குகிறோம், அந்த உரிமையில் கேட்கிறேன். ரிசல்ட் வந்த மறுநாள் நீங்கள் போடுவதெல்லாம் யாருடைய படம்? ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசாங்கம் 2017லேயே நிறுத்திவிட்டது, ஆனாலும் முழுப்பக்க விளம்பரத்தில் தலை தலையாகப் போட்டோ வந்துகொண்டுதான் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் நேராகப் பன்னிரண்டாவதைத் தொடங்கிய தனியார் பள்ளிகளை அடக்கத்தானே 2017-18ல் பதினோராவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்? அந்தக் குறுக்குவழியில் போகாமல் இரண்டு வருடமும் ஒழுங்காகப் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் எது? அதற்குத்தான் தரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மூலையைத் தண்ணீர்த் தொட்டிக்கும் இன்னொரு மூலையைப் பார்க்கிங்குக்கும் எடுத்துக்கொண்டபோது நான் உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரில் இருந்த பஸ் ஸ்டாப் ஒரு கடையின் பெயருக்கு மாறிவிட்டது, இப்போது கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அதுவும் எங்கும் செய்தியாக வரவில்லை.

சரி, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அது உண்மை, நான் மறுக்கவில்லை. ஏன் குறைந்தார்கள் என்று எழுத வேண்டாமா? பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருந்த வீடெல்லாம் இப்போது குடோன், லாட்ஜ், மொத்த வியாபாரக் கடை. தறி ஓடிய வீட்டில் செல்போன் உதிரிபாகம் விற்கிறார்கள். குடும்பங்கள் ஊர் ஓரத்து லேஅவுட்டுகளுக்குப் போய்விட்டன, அங்கே போனவர்களுக்கு வாசலிலேயே ஸ்கூல் வேன் வந்து நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பெண்ணை இரண்டு பஸ் மாற்றி டவுனுக்குள் யார் அனுப்புவார்கள்? ஊர் நகர்ந்து போனதால் காலியான பள்ளிக்கூடத்தைப் பார்த்து, படிப்பு சரியில்லாததால் காலியானது என்று எழுதுவது நியாயமில்லை. இன்றைக்கும் அங்கே வரும் பிள்ளைகள் யார் தெரியுமா? அந்தக் குடோன்களில் சுமை தூக்குகிறவர்கள் வீட்டுப் பெண்கள், வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் சிலரும் தமிழ்வழியில் படிக்கிறார்கள். அவர்களையும் உங்கள் ஃபோட்டோகிராபர் படம் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் படம் எடுத்திருக்கிறார், வெறிச்சோடித்தான் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் தோழி ஒருத்திக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டியிருந்தது, துணைக்குப் போனேன். பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒரு ஒழுகும் அறையில் மரபீரோவில் வைத்திருந்தார்கள். கீழ்த்தட்டில் இருந்தவை கரையான் அரித்துத் தூளாகிவிட்டன. எங்கள் வருடத்துப் பதிவேடு தப்பித்திருந்தது. தோழியின் வரியைத் தேடும்போது 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை மேலிருந்து கீழே படித்தேன். நெசவு, நெசவு, கூலி, நெசவு, பட்டறை, வண்டி, நெசவு, கூலி, இல்லை. அந்த 'இல்லை' என்றது தகப்பன் இல்லாத பிள்ளைகள். ஒரு பக்கத்தில் மட்டும் அப்படி நான்கு. இந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் அந்த அறைக்குத்தான் போக வேண்டும், ஐயா. அது இருக்கும் நிலைமையில் இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த வரி தவறு என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள். அப்புறம் இன்னொரு விஷயம், இது என் சொந்த விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் பழைய சேலம் பற்றித் தொடர் எழுதுவதாகச் சொல்லி உங்கள் நிருபர் ஒருவர் வீட்டுக்கு வந்து எங்கள் 1975 எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோவை வாங்கிப் போனார். தொடரும் வரவில்லை, போட்டோவும் வரவில்லை. நான்கு முறை உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன், ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் உட்காரவைத்துத் தேடித் தருவதாகச் சொன்னார்கள். கறுப்பு வெள்ளைப் படம், அட்டையின் வலது மூலை மடிந்திருக்கும், நடுவில் ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்திருப்பார். பின்பக்கத்தில் நீல மையில் எல்லார் பெயரையும் வரிசைப்படி நான் எழுதி வைத்திருந்தேன். கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு பேரின் பெயர் இப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.