பருப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள்

வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் வணக்கம்.

மதுரையில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். விலைவாசி ஏறினால் ஜனங்களின் வசவு டெல்லிக்கும் மும்பைக்கும் போய்ச் சேர நாளாகும். எனக்குக் காலை ஆறரை மணிக்கே வந்துவிடும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

விலைவாசி வருஷத்துக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்கிற பணவீக்க இலக்கை, உணவுப் பொருட்களை விட்டுவிட்டு வைக்கலாமா என்று யோசிக்கச் சொன்னது, 2024 ஜூலையில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை. 2025 ஆகஸ்டில் உங்கள் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கையும் அதே கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்தது. நானும் பொதுமக்களில் ஒருவன்தானே.

உணவை விட்டுவிடலாம் என்கிறவர்கள் பக்க நியாயம் புரியாமல் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் தமிழக அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். அதற்காக நீங்கள் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ஏற்றியிருந்தால், தக்காளி விளையும் கோலாரில் செடி கூடுதலாகக் காய்த்திருக்குமா?

எண்ணெயும் அப்படித்தான். நாம் சமைக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரி பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமானது. பழைய வரியில் வந்த சரக்கு தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று அரசு கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. அந்த வாரம் கீழமாசி வீதிக்கு டின் எடுக்கப் போனேன். மூடியில் தூசி படிந்த பழைய சரக்கு. விலை மட்டும் புதுசு. “அடுத்த லோடு எடுக்கக் காசு வேணும்ல?” என்றார் மொத்த வியாபாரி. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. கடைக்கு வந்து நானும் அதையேதான் செய்தேன். 2025 மே இறுதியில் வரி 10 சதவீதமாக இறங்கியபோது மட்டும், பழைய சரக்கு கைவசம் இருப்பது எங்கள் எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

சரி, மழையையும் வரியையும் வட்டியால் அடக்க முடியாது. அதனால் உணவு விலையைப் பார்க்காமலே இலக்கு வைக்கலாம் என்கிறபோதுதான் எனக்கு இடிக்கிறது.

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்கா என்னிடம்தான் உளுந்து வாங்குகிறார். 2024-இல் உளுந்து ஏறியபோது இட்லியை 7 ரூபாயிலிருந்து 8 ஆக்கினார், அப்புறம் 10. அங்கே சாப்பிடும் கொத்தனார்கள் மேஸ்திரியிடம் கூலியை ஏற்றிக் கேட்டார்கள். பக்கத்து சலூனில் முடிவெட்ட 20 ரூபாய் கூடியது. என் கடைப் பையனுக்கும் சம்பளம் ஏற்றினேன். மறு வருஷம் உளுந்து இறங்கியது, இட்லி இறங்கவில்லை. “மாவாட்டுறவனுக்கு ஏத்துன கூலியத் திருப்பிக் கேக்க முடியுமாண்ணே?” என்றார் அக்கா. கொத்தனார் கூலியும் சலூன்காரர் கட்டணமும் உங்கள் கணக்கில் உணவு வகையில் சேராது. ஆனால் அவற்றைக் கிளப்பிவிட்டது உளுந்து. உளுந்து இறங்கிய பிறகும் அவை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன.

பணவீக்கத்தைக் கணக்கிட 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த விலைப் பட்டியலில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதமாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் மீதியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தங்கம் இருக்கிறது! 2025 அக்டோபரில் மொத்தப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். உணவையும் எரிபொருளையும் நீக்கிய கணக்கோ நான்கைத் தாண்டி நின்றது. அதைத் தூக்கி நிறுத்தியதில் தங்கத்துக்குப் பெரிய பங்கு. என்னிடம் ஐம்பது கிராம் துவரம்பருப்பைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிப் போகிறவர்களின் கஷ்டத்தை, பருப்பை விட்டுவிட்டுத் தங்கத்தை வைத்தா அளப்பீர்கள்?

இன்னொன்று. அந்த 0.25 செய்தியில் வந்த மறுநாள், கடன் நோட்டில் பாக்கி வைத்திருக்கும் ஒரு பாட்டி, “டிவில கால் சதவீதம்னாங்களே, எண்ணெய் ஏன் இன்னும் இறங்கல?” என்று பிடித்துக்கொண்டார். இது போன வருஷ விலையோடு ஒப்பிடும் கணக்கு, அதற்கு முன் ஏறியதெல்லாம் ஏறியபடியே நிற்கும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். நான் மறைத்துப் பேசுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனார். அடுத்த கூட்டம் முடிந்து பேசும்போது இதை நீங்களே ஒரு வரியில், தமிழிலும், சொல்லிவிடுங்கள். கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரன், மதுரை