மெத்தைக்கு அடியில் இருந்த பணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 39 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியவர், நான்கு முறை அதிபராகத் தேர்வானவர், பொருளாதார நெருக்கடியையும் இரண்டாம் உலகப் போரையும் சமாளித்தவர். எல்லாம் சரி. ஆனால் அவர் மக்களிடம் பேசிய விதத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

1933 மார்ச் 4ஆம் தேதி அவர் பதவியேற்றபோது, அங்கே உழைப்பாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கி வாசல்களில் கூட்டம். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயம். பதவிக்கு வந்த இரண்டே நாளில் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொன்னார். 12ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார். வங்கி உங்கள் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடன் கொடுத்து ஓட விடுகிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று மளிகைக்கடைக்காரர் கணக்குச் சொல்வது போல விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, மறுபடி திறக்கும் வங்கியில் போடுவதே பத்திரம் என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. எடுத்த பணத்தைத் திரும்பப் போட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்!

அந்த நெருக்கடி நமக்கும் அந்நியமில்லை. அமெரிக்காவில் கார் விற்காமல் போனதும் மலாயாவில் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஜொகூர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவும் அதில் ஒருவர். ஏன் வேலை போனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "துரை போகச் சொன்னான், போனோம்" என்பார், அவ்வளவுதான். (பிறகு திரும்பி வந்து ஜப்பான்காரன் காலத்தில் மாட்டிக்கொண்டது தனிக் கதை.)

போரிலும் ரூஸ்வெல்ட் அதே வழியில்தான் போனார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. எட்டு நாள் கழித்து, 23ஆம் தேதி அவர் வானொலிக்கு வந்தார். உலக வரைபடத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், கடைகளில் வரைபடத்துக்குக் கிராக்கியாகிவிட்டது. தோல்விச் செய்திகளை அவர் மூடி மறைக்கவில்லை. கடல் எவ்வளவு தூரம், சரக்குக் கப்பல் போய்ச் சேர எவ்வளவு நாள் என்று விரலை வைத்துக் காட்டுவது போலப் பேசினார்.

ஆனால் கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. அந்தப் பேச்சுக்கு நான்கு நாள் முன்னால், பிப்ரவரி 19ஆம் தேதி, 9066ஆம் எண் ஆணையில் அவர் கையெழுத்திட்டிருந்தார். அதைக் கொண்டு அமெரிக்காவில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடு, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போகவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்க அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்க முடிவுசெய்தது. வங்கிக் கணக்கை அவ்வளவு பொறுமையாக விளக்கிய மனிதர் இந்த மக்களுக்கு என்ன விளக்கம் தந்திருக்க முடியும்?

சிங்கப்பூர் விழுந்த நாளான பிப்ரவரி 15இல் இங்கே அனுசரிக்கும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த வானொலிப் பேச்சையும் இந்த ஆணையையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்